சிஸ்டரிடம் செல்லாத சந்தை வித்தை

வேலந்தாவளம் சந்தையில் இருபது வருடமாக மாடு விற்கிறேன். சந்தைக்கு முதல் நாள் பால் கறக்காமல் விட்டால் மடி புடைத்து நிற்கும். வாங்க வருபவர் அதைப் பார்த்தே மயங்கிவிடுவார்.

அதே வித்தையை எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காட்டினேன். எனக்குப் பிரஷர் உண்டு; மாதம் ஒருமுறை அங்கே பார்ப்பார்கள். அதற்கு நான்கு நாள் முன்பிருந்து மட்டும் மாத்திரையும் உப்பில்லாக் கஞ்சியும். மற்ற நாளெல்லாம் ஊறுகாயும் அப்பளமும்தான். நர்ஸ் சிஸ்டர் ஒவ்வொரு முறையும் பாராட்டுவார். எனக்குப் பெருமை வேறு.

போன மாதம் சந்தையில் தலை சுற்றி, விற்கக் கொண்டுவந்த மாட்டின் மேலேயே சாய்ந்தேன். ஆட்டோவில் அதே சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். பிரஷர் இருநூறு. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் பக்கவாதமோ மாரடைப்போ வந்திருக்கும் என்றார் டாக்டர்.

"ஏனுங்க, போன வாரம் நல்லா இருந்துச்சே" என்று சிஸ்டர் குழம்பினார். கூட வந்த என் மனைவி எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள்.

சிஸ்டர் வீட்டிலும் மாடு உண்டு. "மடியப் பெருக்கிச் சந்தைக்குக் கொண்டார்ற மாதிரி எங்கிட்ட வந்திருக்கறீங்க. அங்க வாங்கறவன் ஏமாறுவான். இங்க ஏமாந்தது நீங்கதானுங்க" என்றார்.

இப்போது தினமும் காலையில் பால் கறந்து கை கழுவியதும் மாத்திரைதான். பரிசோதனை நாளென்று தனியாக எந்த ஏற்பாடும் இல்லை.

போன வாரம் சிஸ்டர் மாடு வாங்க எங்கள் வீட்டுக்கு வந்தார். மாட்டின் பக்கம் திரும்பும் முன்பே கேட்டார்: "கடைசியா எப்பங்க கறந்தீங்க?"