தொட்டவளே சொல்ல வேண்டும்

வெர்னா என் அண்ணி. என் அண்ணன் தாராஸைக் கட்டிக்கொண்டு எங்கள் குடும்பத்துக்கு வந்து இருபத்தாறு வருஷமாகிறது. டெல்ரோஸ் தபால் அலுவலகம் அவள் பொறுப்பு. யாருக்கு எங்கிருந்து கடிதம் வந்தது என்று அத்தனையும் தெரியும், ஒன்றும் வெளியே வராது. எங்கள் ஊரில் இப்படி ஒருத்தி இருப்பது அதிசயம்தான். எனக்கு அந்தக் குணம் கிடையாது, அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மழித்த தலை மாதிரி நாலு பக்கமும் வெறும் பனியாகக் கிடக்கிற குளிர்காலத்தில் எங்கள் சஸ்காச்சுவன் மாகாணத்துச் சிற்றூர்களில் மனிதர்களைப் பார்க்க வேண்டுமென்றால் கர்லிங் கொட்டகைக்குத்தான் போக வேண்டும். நாற்பது பவுண்டு கல்லைப் பனித்தளத்தில் வழுக்கிவிடுவோம். இரண்டு பேர் அதன் முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடினால் கல் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். எதிர்க்கோடியில் இருக்கும் வட்டத்தின் நடுவுக்கு யார் கல் கிட்டே நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. எங்கள் ஆட்டத்தில் நடுவர் வைப்பதில்லை. ஓடுகிற கல்லில் காலோ துடைப்பமோ பட்டுவிட்டால், பட்டவளே கை தூக்கிச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கல்லை என்ன செய்வதென்று எதிரணித் தலைவி முடிவு செய்வாள். சொல்லாமல் மறைத்த ஒருத்தர் எங்கள் ஊரில் இருந்தார். அவர் செத்துப் பதினோரு வருஷமாகிறது, இன்னும் அதைச் சொல்லித்தான் அவர் பேரை எடுக்கிறோம்.

வெர்னா எங்கள் பெண்கள் அணியின் தலைவி. பதினான்கு வருஷமாக அவள்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுடைய வலது பாதம் மரத்துப்போனது. செருப்பு சரியில்லை என்று நினைத்தாள். பிறகு விலா எலும்பைச் சுற்றி யாரோ வாரைப் போட்டு இறுக்குகிற மாதிரி இருந்தது. சாஸ்கட்டூன் நகரத்து டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்றார். நரம்பின் மேலுறை அங்கங்கே கெட்டுப்போய், போகிற சேதியெல்லாம் தப்புத் தப்பாகப் போகுமாம். கார் ஓட்டிக்கொண்டு நான்தான் கூடப் போயிருந்தேன். திரும்பி வரும்போது அழுதது நான். அவள் வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“தபால் பிரிக்கிறவன் குடிச்சிட்டு உக்காந்திருக்கான், லெஸ்யா. அவ்வளவுதான். தொடைக்கு வந்த கடுதாசிய முதுகுல போடறான்” என்றாள்.

எதுவும் தொடாத இடத்தில் தொட்டதாகத் தோன்றும். காய்ந்து கிடக்கிற காலில் வெந்நீர் வழிகிற மாதிரி இருக்கும். அது ஒன்றுதான் அவளை உண்மையில் படுத்தியது, ஏனென்றால் மூத்திரப் பையும் கெட்டிருந்தது. திடீரென்று முட்டும், ஓடிப்போய் உட்கார்ந்தால் வராது. வராதது உள்ளே தங்கிக் காய்ச்சலில் கொண்டுபோய் விடும். அதற்காக ஒரு நாளைக்கு நாலு தடவை மெல்லிய குழாயை உள்ளே விட்டுத் தானே வெளியேற்றக் கற்றுக்கொண்டாள். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அதைக் கற்றுக்கொடுத்த நர்ஸ் வெர்னாவை விடச் சின்னவள். “இந்த வயசுல என் உடம்புக்கு வழி கேட்டுக்கிட்டு நிக்கிறேன்” என்று சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்களாம். இந்தச் சிரிப்புக்குத்தான் எனக்கு அவளைப் பிடிக்கும்.

ஊருக்கு ஒன்றும் தெரியாது. ஊர் தெரிந்துகொண்டதெல்லாம் இவ்வளவுதான்: வெர்னா நடக்கும்போது தடுமாறுகிறாள், ஆட்டத்துக்கு நடுவில் கைப்பையோடு கழிப்பறைக்குப் போகிறாள், கால் மணி நேரம் கழித்து வருகிறாள். மளிகைக்கடைக்காரி ஆரம்பித்து வைக்க, குடிக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டது. எனக்கு ரத்தம் கொதித்தது.

“நான் போய்ச் சொல்லிடறேன் அண்ணி. அந்த மளிகைக்கடைக்காரி வாயில சூடு போட்டாத்தான் அடங்கும்.”

“சும்மா கெட. குடிகாரின்னா தலைமைய விட்டு எடுக்க மாட்டாங்க, இங்க பாதிப் பேரு குடிச்சிட்டுத்தான் ஆடறாங்க. நோயாளின்னு தெரிஞ்சா ‘ஐயோ பாவம்’னு நாற்காலி கொண்டாந்து போட்டு உக்கார வச்சிருவாங்க. எனக்குப் பனிமேல இருக்கணும்டி.”

உண்மையாகவே பனி அவளுக்கு நல்லது. வெயிலிலும் சூட்டிலும் கால் துவண்டுபோகும், குளிரில் நரம்பு கொஞ்சம் ஒழுங்காக வேலை செய்யும். கொட்டகைதான் அவள் பழைய வெர்னாவாக இருக்கிற ஒரே இடம். அதைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் குடிகாரிப் பட்டத்தைச் சுமந்துகொண்டிருந்தாள்.

போன பிப்ரவரியில் ஊர்ப் போட்டியின் கடைசி ஆட்டம், ஞாயிறு மத்தியானம். எதிரே கிம்பர்லிங் அணி. அதன் தலைவி லவோன் ஷ்மிட், பால்பண்ணைக்காரி, கல்லைப் போலவே பேசுகிறவள். கடைசிச் சுற்றுக்கு வரும்போது இரண்டு பேரும் சமம். எங்கள் ஐரிஸ் விட்ட கல் அழகாக வளைந்து வந்தது. நானும் இன்னொருத்தியும் தேய்த்துக்கொண்டே ஓடினோம். வட்டத்துக்குள் வந்ததும் வெர்னாவும் சேர்ந்து தேய்த்தாள். கல் முன்னால் நின்ற கற்களுக்குப் பின்னே ஒளிந்து நடுவிலேயே நின்றது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னாலிருந்த கூட்டம் கத்தியது. இன்னும் சில கற்கள் பாக்கி இருந்தும், கோப்பை எங்களுடையது என்று நான் துடைப்பத்தைத் தூக்கினேன்.

வெர்னா கையைத் தூக்கினாள்.

“லவோன், என் வலது கால்ல பட்ட மாதிரி இருந்துச்சு.”

“பட்ட மாதிரின்னா? பட்டுச்சா, படலையா?”

“தெரியல. யாராவது பாத்தீங்களா?”

யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் ஓடிய நானே பார்க்கவில்லை. ‘வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா, சனியனே’ என்று மனசுக்குள் திட்டினேன், பொய் சொல்வானேன். அந்தக் கால் ஒரு நாளைக்கு இருபது தடவை பொய் சொல்கிற கால் என்று எனக்குத் தெரியும்.

“கால் பட்டது உனக்கே தெரியாதா? இன்னைக்கு எத்தன கிளாஸ்?” என்றாள் லவோன். அவள் அணியில் ஒருத்தி சிரித்தாள்.

வெர்னா கூட்டத்தையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

“கிளாஸ் இல்ல. எனக்கு எம்.எஸ். மூணு வருஷமாச்சு. இந்தக் கால் மரத்துக் கெடக்கு, படாதப்பவும் பட்ட மாதிரி இருக்கும், பட்டாலும் சில சமயம் தெரியாது. அதனால என் கால நம்பி நான் சத்தியம் பண்ண முடியாது. சந்தேகம்னா சொல்லணும். சொல்லிட்டேன். கல்லு உன் முடிவு.”

லவோன் ‘பரவாயில்லை, இருக்கட்டும்’ என்று கல்லை விட்டுவைத்தால் கோப்பை எங்களுக்கு, ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து வெர்னா வெறும் ‘பாவம்’. வெர்னாவும் அதை நினைத்துத்தான் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

லவோன் கல்லை உற்றுப் பார்த்தாள். பிறகு காலால் ஒரு தள்ளு தள்ளி அதை வட்டத்துக்கு வெளியே அனுப்பினாள்.

“எடுத்தாச்சு. ஆடு.”

வெர்னாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! கல் போனதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே தலைவி அவளாகத்தான் இருக்கும்.

மிச்சக் கற்களையும் விட்டோம். லவோனின் கல் ஒன்று நடுவுக்கு ஓரடி தள்ளி நின்றது. வெர்னாவின் கையில் கடைசிக் கல் பாக்கி. அதற்குள் அவளுக்கு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. வழக்கமாக என் காதில்தான் சொல்லுவாள். அன்றைக்குத் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்.

“கொஞ்சம் நில்லுங்க. எனக்கு ஒண்ணுக்குப் போகணும். குழாய் வச்சு எடுக்கணும், பத்துப் பன்னெண்டு நிமிஷம் ஆகும்.”

முன்னால் சிரித்தவளே கதவைத் திறந்து பிடித்தாள். கடிகாரத்தைக் காட்டி ஏதோ முணுமுணுத்த ஓர் ஆளிடம் லவோன், “அவசரமா? போய் உன் மாட்டக் கற” என்றாள். இரண்டு அணியும் கைகளை ஊதிக்கொண்டு நின்றோம். எனக்குக் குளிரவே இல்லை. இவள் என் அண்ணி என்று ஒவ்வொருத்தராகப் பிடித்துச் சொல்ல வேண்டும்போல் இருந்தது, அத்தனை பேருக்கும் அது தெரிந்திருந்தும்.

திரும்பி வந்தாள், குனிந்தாள், விட்டாள். கோடு நேர்தான். நானும் ஐரிஸும் உயிரை விட்டுத் தேய்த்தோம். கல் ஒரு கை அகலம் குறைவாக நின்றது. தோற்றோம்.

கொட்டகை மாடியிலிருந்த சாப்பாட்டு அறைக்குப் போனதும் அவள் பயந்தது நடந்தது. தட்டுகளில் முட்டைக்கோஸ் உருண்டையை வைத்துக்கொண்டு பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ‘ஐயோ வெர்னா’, ‘எவ்வளவு தைரியம்’, ‘தோத்தா என்ன, உன் நிலைமையில இவ்வளவு ஆடினதே பெருசு’. வெர்னா தலையாட்டிக்கொண்டே சுருங்கினாள். கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு லவோன் வந்தாள். ஜெயித்தவர் தோற்றவருக்குக் குடிக்க வாங்கித் தருவது எங்கள் வழக்கம். இஞ்சிச் சோடாவை வெர்னா முன்னால் டொக்கென்று வைத்தாள்.

“பன்னெண்டு நிமிஷம் சும்மா கெடந்தா தளத்து மேல உறைபனி பூத்து கல்லு வேகம் குறையும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். ஏன்டி அவ்வளவு மெதுவா விட்ட?”

பெண்கள் திகைத்துப்போனார்கள். ஒருத்தி, “லவோன், அவளுக்குக் கால்...” என்று ஆரம்பித்தாள்.

வெர்னா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“கால் ஒழுங்காத்தான் இருந்துச்சு” என்றாள். “பனி மெதுவாயிருக்கும்னு தெரியும். அப்பவும் வேகமாப் போயிருமோன்னு பயந்து கைய இழுத்துட்டேன். நரம்பு மேல பழி போடாதீங்க. அந்தத் தப்பு முழுக்க நான் பண்ணது.”