சின்ன ஆள்

சாரம் சரிந்ததில் ஒரு பலகை கொத்தனாரின் காலை முறித்துவிட்டுக் கீழே போனது. கூடவே அவனும் போயிருப்பான். ஜன்னல் திறப்புக்குள் நின்ற சித்தாள் அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்துவிட்டாள். இரண்டாம் மாடி. ஏணி வரும்வரை அவள் விடவில்லை. தோள்மூட்டு நழுவிய சத்தம் அவளுக்கே கேட்டது.

அவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. கட்டட வேலைக்கு முதலில் வந்தவள் அவள்தான். அவனைக் கூட்டி வந்தவளும் அவள்தான். அவன் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆனான். அவள் கலவைச் சட்டி சுமந்து, செங்கல் நனைத்துக் கொடுத்து, சித்தாளாகவே இருந்துவிட்டாள். நல்ல வாட்டசாட்டம். கொடிக்கம்பம் என்றுதான் வேலையிடத்தில் பட்டப்பெயர்.

ஆஸ்பத்திரியில் அவனுக்குக் காலில் மாவுக்கட்டு. அவள் கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. தன் தலைமாட்டில் அவள் வந்து நின்றதை அவன் கவனிக்கவில்லை. யார் காப்பாற்றினார்கள் என்று நர்ஸ் கேட்டாள்.

"பெரிய ஆள் யாருமில்ல சிஸ்டர். எங்க சித்தாள்தான்."

அக்கா என்று ஒரு வார்த்தை வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. நர்ஸுக்குச் சித்தாள் என்ற சொல் புதிது. என்ன அர்த்தம் என்றாள். அவன் சாவகாசமாக விளக்கினான்.

"சிறு ஆள், சிற்றாள். காற்று காத்து ஆகுற மாதிரி, அது பேச்சுல சித்தாள் ஆயிடுச்சு. சின்ன ஆளுன்னு அர்த்தம். ஆம்பளைன்னா பெரியாள்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தலையில் சட்டியோடு, கையால் எதையும் பிடிக்காமல் பலகையில் ஏறுவது ஒரு சித்து வேலை, அதனால்தான் அந்தப் பெயர் என்று அம்மா சொல்லியிருந்தாள். அதை இவளும் பெருமையாகத் தன் மகளுக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

"அர்த்தம் தெரிஞ்சுதான் கூப்பிட்டியா?"

தம்பி திரும்பிப் பார்த்தான். அவள் வெளியே போய் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தாள். யாரோ கூப்பிட்டார்கள், காதில் விழவில்லை.

அவள் தோள் முதலில் ஆறியது. மேஸ்திரி வேறு கொத்தனார் தேடினார். தானே கட்டுவதாக அவள் சொன்னதும் மனுஷன் கையிலிருந்த டீயைக் குடிக்க மறந்தார். முதல் சுவர் அவர் வயிறு மாதிரியே நடுவில் தொப்பை போட்டது. இடித்துவிட்டு மறுபடி கட்டினாள். அது தூக்குக்குண்டுக்கு நேராக நின்றது.

தம்பி ஊன்றுகோலோடு வந்தவன், சுவரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லக் குனிந்து ஒரு செங்கல்லை எடுத்து நீட்டினான்.

"இந்தாக்கா."

"நனைச்சுட்டுக் குடு," என்றாள்.