வாயில் பறி

எங்கள் ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர்களுக்குப் பல் இல்லாமல் வேலை நடக்காது. பறி என்கிற பனையோலைக் கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். அகப்பட்டதை மோவாய்க்குக் கீழே தொங்கும் பறியில் போட வேண்டும். பேச மட்டும் முடியாது. நான் வாயை மூடியிருப்பது அந்த நேரத்தில்தான் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். சொல்லட்டும், ஒரு நாள் அவரே சோறாக்கித் தின்னட்டும்.

பக்கத்து வீட்டில் என் ஓர்ப்படி, அவருடைய அண்ணன் மனைவி. அவள் கோழி நான் காயவைத்த இறாலைக் கொத்திவிட்டது. "கோழிக்கு இன்னா தெரியும்?" என்றாள். "கோழிக்குத் தெரியாது, உனக்குமா தெரியாது?" என்றேன். அதோடு பேச்சு நின்றது. ஒரே தண்ணீரில் ஆளுக்கொரு பக்கம் இறங்கினோம்.

இதற்கிடையில் என் முன்பல் இரண்டு ஆடத் தொடங்கின. பொன்னேரி பல் டாக்டரம்மா எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றார்.

"பல் செட்டு வெச்சுக்கலாம்மா. ஆனா அதால எதையும் கடிச்சுத் தூக்கக் கூடாது."

"அப்ப பறியை எதால கடிக்கிறது?" என்று கேட்டேன். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

புண் ஆறியதும் பறியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். குனிந்தால் அது சாய்ந்தது. பிடித்த இறாலெல்லாம் தண்ணீருக்கே போனது. "நாசமாப் போற கயிறே!" என்று கத்தினேன். எல்லோர் வாயிலும் பறி, யார் பதில் சொல்வது? எனக்குப் பயம் வந்துவிட்டது. இதை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது.

கரையேறத் திரும்பினேன். முந்தானையை யாரோ இழுத்தார்கள். ஓர்ப்படி. வாயில் இருந்த பறியை என் பக்கம் திருப்பி, "உம்" என்றாள்.

"இன்னா?"

"உம்!" இந்தத் தடவை அதட்டலாக. என் கையில் மிஞ்சியிருந்த ஒற்றை இறாலை அதில் போட்டேன்.

அன்று முழுக்க ஒரே பறியில் எங்கள் நாலு கையும் இறாலைப் போட்டன. கரையில் கொட்டி, இரண்டு குவியலாகப் பிரித்து, ஒன்றை என் பக்கம் தள்ளினாள்.

"நாளைக்கு சீக்கிரம் வா. அந்தக் கயித்தை எடுத்துனு வராத."

இப்போது அவள் வாயிலும் பறி இல்லை, என் வாயிலும் இல்லை. கழுத்தில் கிடந்த கயிற்றைக் கழற்றினேன்.

"உம்" என்றேன்.