அசிட்டிலின் பாடம்

அந்தச் சத்தம் கேட்டபோது நான் பக்கத்து அறையில் பெண் பிள்ளைகளுக்குப் பொத்தான் காஜா எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பட்டாசு வெடித்த மாதிரிதான் இருந்தது. யார் வீட்டிலோ விசேஷம் என்று நினைத்து, ஊசியில் நூலைக் கோத்துக்கூட முடித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் அலறுவது கேட்டது. அழுகிய பூண்டு போன்ற கார்பைடு நாற்றமும் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தபோது அவர் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். விரல் இடுக்கில் ரத்தம். "பிள்ளைங்க யாருக்காவது பட்டுதா பாரு," என்றார். அதுதான் முதல் பேச்சு.

அவர் என் கணவர். எழுபதுகளில் மரக்காணத்துப் பள்ளி ஒன்றில் அவர் ரசாயன ஆசிரியர், நான் தையல் டீச்சர். பள்ளிக்குப் பின்பக்கம் உப்பளம். வெயில் ஏறினால் அந்த வெள்ளை, கண்ணைத் திறக்க விடாது. உப்பளத்தில் இறங்கி இறங்கிப் பார்வை மங்கிப்போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

ஹைட்ரோகார்பன் பாடத்தை அவர் வகுப்பறையில் தொடங்கமாட்டார். மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். இரண்டு பேரை முதுகோடு முதுகு சேர்த்து நிறுத்தி, "இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கார்பன். எத்தனை கை இருக்குது?" என்பார். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்ட பிள்ளைகள் ஹைட்ரஜன். நான்கு ஹைட்ரஜன் வந்து நான்கு கையையும் பிடித்துக்கொண்டால் மீத்தேன். பையன்களும் பெண்களும் கை கோக்க முடியாத காலம். அதனால் பையன்கள் மீத்தேன் தனி, பெண்கள் மீத்தேன் தனி. கார்பனும் கார்பனும் கை கோத்து நீண்டால், பாவாடை தாவணிகள் கடல் காற்றில் படபடக்க, மைதானத்தின் குறுக்கே பியூட்டேன் நிற்கும். "உங்க வீட்டு விளக்குல எரியுற கிரசினாயிலும் இப்படித்தான், இன்னும் நீளமா கை கோத்து நிக்குது," என்பார். அசிட்டிலினுக்கு மட்டும் இரண்டு கார்பன்கள் மும்மூன்று கைகளைப் பின்னிக்கொள்ள வேண்டும். முடியாமல் சிரித்துக்கொண்டே விழுவார்கள். "பாத்தீங்களா, நிக்க முடியல இல்ல? அசிட்டிலினும் இப்படித்தான், எப்படா பிரிவோம்னு தவிச்சிக்கிட்டே இருக்கும்." ஜன்னலில் நின்று நானும் சிரித்திருக்கிறேன்.

அன்றைக்கு வகுப்பில் அசிட்டிலினைச் செய்து காட்டினார். கார்பைடின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டால் வாயு வரும். குடுவைக்குள் இருக்கும் காற்று முழுவதும் வெளியேறும்வரை நெருப்பைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது, காற்றோடு கலந்த வாயு வெடித்துவிடும். காற்றில் தீக்குச்சி அணைந்துவிடும் என்று ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். குச்சியைப் பிடித்தது ஒரு பெண். வகுப்பிலேயே கெட்டிக்காரி, உப்பளத் தொழிலாளியின் மகள். அந்த வீட்டில் பதினோராம் வகுப்புவரை வந்த முதல் ஆள். அவர், "இரும்மா, இன்னும் கொஞ்சம்," என்றிருக்கிறார். பிள்ளைகள் சத்தத்தில் அவளுக்கு 'இரும்மா' காதில் விழவில்லை. 'இன்னும் கொஞ்சம்' மட்டும் விழுந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாள். அவர் அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டார். குடுவை வெடித்து, கண்ணாடித் துண்டுகள் எல்லாம் அவர் முகத்துக்கு வந்தன.

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணை எடுத்துவிட்டார்கள். இன்னொன்றில் கொஞ்ச காலம் வெளிச்சம் மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் போயிற்று. விசாரிக்க வந்தவர்களிடம், தீக்குச்சி வைத்தது தான்தான் என்று சொல்லிவிட்டார். ஆசிரியரின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். வேலையும் போயிற்று. எனக்கு அந்தப் பெண்மேல் ஆறாத கோபம் இருந்தது, அதை நான் அவரிடம் மறைக்கவும் இல்லை. அவர் கேட்டதெல்லாம், "அந்தப் பொண்ணு ஸ்கூலுக்கு வருதா?" என்பதுதான். வரவில்லை என்றேன். உப்பளத்தில் கூடை சுமக்கிறாள் என்று கேள்விப்பட்டதையும் சொன்னேன். மறுநாளே, "என்னை அங்க கூட்டிட்டுப் போ," என்றார்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தார். அவளுடைய அப்பாவுக்கும் பார்வை பாதிதான். அவர்கள் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "என் கண்ணை உப்பு பறிச்சிடுச்சிங்க சார். உங்க கண்ணை என் பொண்ணு பறிச்சிட்டாளே. அவ கையில இனிமே எப்படி சார் நான் புஸ்தகம் குடுப்பேன்?" என்று அவளுடைய அப்பா அழுதார்.

"அவ பறிக்கலீங்க. 'இரும்மா'ன்றதை நான் சத்தமா சொல்லியிருக்கணும்."

கதவுக்குப் பின்னாலிருந்து அவள், "சார், அந்த ரூமுக்குள்ள என்னால வர முடியாது சார்," என்றாள்.

"அங்க வர வேணாம்மா. எங்க வீட்டுக்கு வா. நான் சொல்றேன், டீச்சர் எழுதிக் காட்டுவாங்க."

அப்படித்தான் நான் ரசாயனம் எழுதக் கற்றுக்கொண்டேன். அவர் சொல்லச் சொல்ல, துணி வெட்டக் கோடு போடும் சாக்குக்கட்டியால் எங்கள் வீட்டுத் தரையில் கார்பன் சங்கிலிகளை வரைந்தேன். அவள் குனிந்த தலை நிமிராமல் நோட்டில் எழுதிக்கொள்வாள். ஒருநாள் நான் போட்ட கோடு ஒன்று குறைந்திருந்ததை, "டீச்சர், இந்தக் கார்பனுக்கு ஒரு கை இல்லீங்க," என்று மெல்லத் திருத்தினாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. அன்று முதல் அவள்மேல் இருந்த கோபத்தை என்னால் பழையபடி பிடித்துவைத்துக்கொள்ள முடியவில்லை.

பரீட்சை எழுதினாள், நன்றாகப் பாஸானாள். அடுத்து அவள் அப்பாவோடு வந்தது கல்யாணப் பத்திரிகையோடு. "மேல படிக்கலியாம்மா?" என்றார் அவர். "படிச்சது போதும்னு சொல்லிட்டாங்க சார்," என்றாள். அவர் அவள் தலை இருக்கும் திசையைத் தேடிக் கையை நீட்டி ஆசீர்வாதம் செய்தார். கண் போனபோது அழாத மனிதர், அவர்கள் போனபிறகு அழுதார்.

அவர் காலமாகிச் சில வருஷம் ஆனபிறகு, நான் புதுச்சேரி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கூனிமேட்டில் ஏறிய ஒரு பெண்மணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலை நரைத்திருந்தது. "டீச்சர், என்னைத் தெரியுதுங்களா?" என்ற குரலில்தான் அடையாளம் தெரிந்தது. அவர் இறந்த செய்தியை அவள் கேட்டிருக்கவில்லை. சொன்னேன். வெகுதூரம் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். பிறகு தன் இரண்டு பெண்களைப் பற்றிச் சொன்னாள். இரண்டு பேரும் நன்றாகப் படித்தவர்களாம். ஒருத்தி பேங்கில் இருக்கிறாளாம். "பெரியவ சயின்ஸ் குரூப்தான் வேணும்னு அழுதா டீச்சர். நான்தான் விடல. லேப்ன்னாலே எனக்கு அந்தச் சத்தம்தான் கேக்குது. ரெண்டு பேரையுமே விடல."

அவளுடைய நிறுத்தம் வந்தது, இறங்கிப் போனாள். வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் சொல்ல அவர் இல்லை. அவர் இருந்திருந்தால் அவளைப் பார்த்ததைச் சொல்லியிருப்பேன், நன்றாக இருக்கிறாள் என்று சொல்லியிருப்பேன், பெண்கள் படித்துவிட்டார்கள் என்றும் சொல்லியிருப்பேன். கடைசியில் அவள் சொன்னதை மட்டும் சொல்லியிருக்கமாட்டேன்.