திருப்பி எறிந்த வட்டு

லண்டன் ஸ்ட்ரெதம் ஐஸ் அரங்கில் ஞாயிறு மதியம் ஹாக்கி பார்க்கிறேன். சம்பளத்துக்கு ஆடும் அணிதான், ஆனால் இதுதான் அதன் முதல் சீசன். வாராவாரம் தோல்வியாம். பாதி இருக்கைகள் காலி. ஒரு வீரரின் முதுகு எண்ணை டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். இந்த ஹாக்கியில் பந்து கிடையாது, ‘பக்’ என்கிற கறுப்பு ரப்பர் வட்டு. அது கண்ணாடித் தடுப்பில் மோதும்போதெல்லாம், சென்னையிலிருந்து வந்த வீரனான நான் சிப்ஸ் பொட்டலத்துக்குப் பின்னால் ஒளிகிறேன்.

“பயப்பிடாதேங்கோ அண்ணை, கண்ணாடி தாங்கும்,” என்கிறார் பக்கத்து இருக்கை யோகன். சுவிஸிலிருந்து இங்கே குடிவந்த பிளம்பர்.

“தோக்குற டீமுக்கு ஏன் இவ்வளவு ஆசையா வர்றீங்க?”

“சுவிஸ் டீமெல்லாம் நான் போகேக்கையே கிழடு. இது இப்பதான் பிறந்தது. முதல் சீசன் பக் ஒண்டு என்ர கைக்கு வரவேணும். ஒரு மட்சும் விடேல்லை, இன்னும் வரேல்லை.”

அவர் வாய் மூடுவதற்குள் வட்டு கண்ணாடியைத் தாண்டி என் மடியில் விழுகிறது. தெருக் கிரிக்கெட்டில் வளர்ந்த கை யோசிக்குமா? பதறி எழுந்து உள்ளே திருப்பி எறிந்துவிடுகிறேன். அரங்கமே அலறுகிறது.

“என்ன அண்ணை செய்தனீங்கள்! இஞ்சால விழுந்தா அது எங்கட!” யோகன் தலையில் கைவைக்கிறார்.

கீழே கோல்கீப்பர் வட்டைப் பொறுக்கி, என்னைப் பார்த்துச் சிரித்து, மறுபடி மேலே வீசுகிறார். அடுத்த நொடி நான் இருக்கைக்கு அடியில். மேலே கைதட்டல்.

“எழும்புங்கோ அண்ணை, பிடிச்சிட்டன்,” என்கிறது யோகனின் குரல். “உங்கட சிப்ஸும் என்ர தலையிலதான் கிடக்கு.”