ஈஸ்வரியை வெளுக்க வைத்த ஃபிளாஷ்

கீ...ங்ங் என்று ஒரு சத்தம். காதுக்குப் பக்கத்தில் கொசு வந்து போவது போல. பேட்டரியைப் போட்டு சுவிட்சைத் தள்ளினால் முதலில் அந்தச் சத்தம், கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் சின்னதாகச் சிவப்பு விளக்கு. ஃபிளாஷ் ரெடி.

டிஜிட்டல் கேமரா புதிதாக வந்த காலத்தில் படம் எடுத்தவர்களுக்கு அது இப்போதும் காதில் இருக்கும். எனக்கு அந்தச் சத்தமே ஆகாது. ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை... இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்து நாலோ, ஐந்தோ. விளாங்குடியில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். ஃபிலிம் கேமராவை மூட்டை கட்டிவிட்டு டிஜிட்டலுக்கு மாறிய புதிது. கேமராவிலேயே இருந்த குட்டி ஃபிளாஷ் கல்யாண மண்டபத்துக்கு எந்த மூலைக்கு? தனியாக ஒன்று வாங்கலாம் என்று டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் சௌராஷ்டிரக்காரர். போனில் யாரிடமோ அவர்கள் மொழியில் பேசிக்கொண்டே இரண்டு பெட்டிகளை எடுத்து முன்னால் வைத்தார். ஒன்றில் ஃபிளாஷின் தலையை மேலே திருப்பிக்கொள்ளலாம். இன்னொன்று பெரியது. தலை திரும்பாது, ஆனால் வெளிச்சம் ரெண்டு மடங்கு.

"தம்பி, இந்தத் திரும்புறத எடுத்துக்கங்க. வெளிச்சத்த சீலிங்குல அடிச்சு எறக்குனா முகம் முகமா இருக்கும். அந்தப் பெருசு நேரா மூஞ்சில போய் அறையும். எல்லாத்துக்கும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிரும்."

"அதாண்ணே எனக்கு வேணும்" என்றேன்.

பொய் இல்லை. ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அண்ணே, கொஞ்சம் கலரா எடுங்க." கலர் என்றால் எங்கள் ஊரில் வெளுப்பு.

அதுவும் போக, வீட்டில் என் தங்கச்சி ஈஸ்வரி இருந்தாள். இருபத்தேழு வயது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் டீச்சர். நல்ல கறுப்பு. அப்பா இல்லாத வீடு. வருகிற வரன் வீட்டுக்காரர்கள் எல்லாம் ஃபோட்டோவைப் பார்த்த கையோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

பெரியதை வாங்கிவிட்டேன்.

மறுநாளே அவளை ஸ்டுடியோவில் உட்கார வைத்தேன். கிட்டத்தில் நின்று, நேருக்கு நேர், முழு வெளிச்சத்தில் நாலைந்து படம். நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் ஒரே வெள்ளை. அது போதாது என்று கம்ப்யூட்டரில் இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

அம்மா பிரிண்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "அடி ஆத்தி! நம்ம ஈஸ்வரியாடா இது? எம்புட்டு லட்சணமா இருக்கா!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஈஸ்வரி சிரிக்கவில்லை.

"அண்ணே, இது நான் இல்லண்ணே. நாளைக்கு நேருல வந்து பாக்க மாட்டாகளா? அனுப்பாதண்ணே."

"நீ சும்மா இரு. வீட்டுக்குள்ள வந்துட்டாகன்னா உன் குணத்தப் பாத்தே முடிச்சிருவாக."

பெரிய இவன் நான்! எல்லாம் தெரிந்தவன்.

படத்தை அனுப்பிவைத்தேன். சோழவந்தானிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, ஒரு அத்தை. ஈஸ்வரி பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு வந்து, கும்பிட்டு நின்றாள். அந்த அத்தை பையிலிருந்து நான் எடுத்த ஃபோட்டோவை வெளியே எடுத்தார். ஃபோட்டோவைப் பார்த்தார்... அவளைப் பார்த்தார்... மறுபடியும் ஃபோட்டோவைப் பார்த்தார். குத்திக்காட்டவெல்லாம் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் அம்மாவிடம் கேட்டார்.

"இது மூத்த பிள்ளையாத்தா? இந்தப் படத்துல இருக்க பிள்ளைய வரச் சொல்லுங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். ஈஸ்வரிதான் பதில் சொன்னாள்.

"அது நாந்தாங்க."

குரல் கூட நடுங்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வந்தவர்கள் காபியை முழுசாகக் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிப் போனார்கள். அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

ஊரில் யார் யாரோ அவளைக் கறுப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். அதையெல்லாம் அவள் ஒரு பொருட்டாக எடுத்ததில்லை. நீ இருக்கிறபடி இருந்தால் போதாது என்று வீட்டுக்குள்ளிருந்தே சொன்ன முதல் ஆள் நான்.

இரண்டு நாள் கழித்து, "தப்பு பண்ணிட்டேன்த்தா" என்று போய் நின்றேன்.

"விடுண்ணே. நல்லதுக்குத்தான செஞ்ச" என்றாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து நான் கேமராவைத் தூக்கினால் போதும், அவளுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும். தீபாவளி, பொங்கல், எதிலும் அவள் படம் என்னிடம் கிடையாது.

மூன்று வருடம் கழித்துக் கல்யாணம் ஆனது. இன்ஸ்டிட்யூட்டுக்கு எதிரே நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தவர், தினமும் அவளை நேரில் பார்த்தவர், அவராகவே வந்து கேட்டார். அழகர்கோவிலில் வைத்துத் தாலி கட்டினார். சுருக்கமாக முடித்துக்கொள்வோம், ஃபோட்டோ எல்லாம் வேண்டாம் என்று ஈஸ்வரி முன்னாடியே சொல்லிவிட்டாள்.

இப்போது ஃபிளாஷே வேண்டியதில்லை. ஃபோனைத் தூக்கினால் அதுவாகவே முகத்தை வெளுத்து, வழித்து, மெழுகிக் கொடுத்துவிடுகிறது. அன்றைக்கு நான் கடை ஏறிப் போய், விலை கொடுத்து வாங்கிச் செய்ததை இன்றைக்கு ஊரே சிரித்துக்கொண்டு செய்கிறது. யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை. நானும் அதே தொழிலில்தான் இருக்கிறேன். "கலரா வேணுமா?" என்று மட்டும் யாரிடமும் கேட்பதில்லை.

போன வருடம் ஈஸ்வரி மகளுக்குச் சடங்கு. ஈஸ்வரியை உரித்து வைத்த பிள்ளை. தாய்மாமன் சீர் எல்லாம் வாங்கி முடித்துவிட்டு ஈஸ்வரிக்குப் போன் போட்டேன்.

"வெள்ளனவே கேமராவோட வந்துர்றேன்த்தா."

"கேமரா எதுக்குண்ணே... நீ மாமன். மாலையப் போட்டு பிள்ள பக்கத்துல நிக்கணும்ல. போட்டோவுக்கு வேற ஆளு சொல்லியாச்சு."

"அதுவும் சரிதான்" என்றேன்.

சரிதான். அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டேன்.