தோளில் இருந்த கை

செத்துப்போனவர்களைப் பற்றி உயிரோடு இருப்பவர்கள் சொல்லும் பொய்களைச் சூளையில் வைத்துச் சுட்டுக் கொடுப்பது என் தொழில்.

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்பவர்கள் பொம்மை செய்வார்கள், ஃபியூஸ் கட்டை செய்வார்கள். நான் கல்லறைப் பிளேட்டு செய்கிறேன். இறந்தவரின் படத்தையும் நாலு வரியையும் அச்சடித்து, வெள்ளைப் பீங்கானில் ஒட்டிச் சுட்டால் மழை வெயில் எதற்கும் அழியாது. கல்லறைத் திருநாள் நெருங்கிவிட்டால் ஊரிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கடைக்கு வந்து நிற்கும். நானும் அவர்களோடு அதே கோயிலில் முழங்கால் போடுகிறவள்தான். வருகிறவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு கடை நடத்துகிற என் போன்ற பாவப்பட்ட ஜென்மங்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

எழுத்து சரிதானா?

சுடுவதற்கு முன்னால் வாசகத்தை வீட்டு ஆள் ஒருவரிடம் காட்டிச் சரிதானா என்று கேட்டுவிடுவேன். சுட்டபின் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது, உடைத்துப் போட வேண்டியதுதான். நல்லூர்ப் பக்கமிருந்து ஒருவர் தன் அப்பாவின் பிளேட்டுக்காக வந்தார். ‘அன்பே உருவான கணவர், சாந்தமே வடிவான தந்தை, ஜெபமே மூச்சானவர்’ என்று எழுதிக் கொண்டுவந்திருந்தார். கூடவே அம்மாவும் வந்திருந்தார். அந்த அம்மாவின் இடது கை, என்றோ முறிந்து வைத்தியம் பார்க்காமல் விட்டதால் கோணலாக ஒட்டியிருந்தது.

தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். மகன் அவசரப்படுத்தினார். அந்த அம்மா அவசரப்படவில்லை. முழுக்கப் படித்து முடித்துவிட்டு என்னிடம் தாளை நீட்டினார். “எழுத்தெல்லாம் சரியாத்தாங்க இருக்குது. ஆளுதான் யாருன்னு தெரியல.”

மன்னித்தவர்

சவரிமுத்து அண்ணன் எங்கள் கோயிலில் ஞாயிறு பூசைக்கு வாசகம் வாசிப்பவர். அன்பைப் பற்றிய வாசகம் வந்தால் அவருக்குக் குரல் கம்மிவிடும், கேட்பவர்களுக்கும் கண் கலங்கும். அவர் அம்மா பக்கவாதம் வந்து படுத்தபோது, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அவரும் மனைவியும் சொல்லிவிட்டார்கள். பெண்ணாடத்தில் இருக்கும் தங்கை ஆரோக்கியமேரிதான் வந்து தூக்கிக்கொண்டு போய், மலம் மூத்திரம் அள்ளிக் கடைசிவரை பார்த்தாள். மேரி வேறு சாதிக்காரனைக் கட்டிக்கொண்டவள். அவனும் கிறிஸ்தவன்தான், ஆனால் அது செல்லுபடியாகவில்லை. அம்மா இறந்ததும் அண்ணன் வண்டி வைத்து உடலை இங்கே கொண்டுவந்துவிட்டார். அடக்கத்தின்போது மேரி கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தாள். யாரும் அவளை உள்ளே கூப்பிடவில்லை. நாங்கள் எல்லோரும் உள்ளே நின்று ஜெபமாலை சொன்னோம்.

பிளேட்டுக்கு அவர் கொண்டுவந்த படத்தில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், தோளில் ஒரு கை தெரிந்தது. மேரியின் வீட்டில், மேரி பக்கத்தில் நிற்க எடுத்த படம். “அந்தக் கைய எடுத்துடும்மா” என்றார். அடியில் போட வேண்டிய பெயர்களில் மகன் இருந்தார், மருமகள் இருந்தார், பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். மேரியைக் காணோம். எனக்கு வாய் சும்மா இருக்காது, கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை. “அவள நான் எப்பவோ மன்னிச்சிட்டேம்மா. பேரு மட்டும் வேணாம்.”

குமார் செய்த படவேலை

என் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் குமார், கையை அழித்துவிட்டு அந்த இடத்தில் சேலையை இழுத்து நிரப்பிவிட்டான். பிளேட்டு தயாராகிறது என்று யார் மூலமோ கேள்விப்பட்டு, மேரி பெண்ணாடத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். பெயரைச் சேர்க்கச் சொல்லிச் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அம்மா முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று மட்டும்தான் கேட்டாள்.

திரையில் காட்டினேன். குமார் எழுந்து வெளியே போய்விட்டான். அவள் திட்டியிருந்தால் எனக்கும் மனசு ஆறியிருக்கும். கை இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். “நான் புடிச்சிக்கலன்னா அன்னிக்கு அம்மா சாஞ்சி வுழுந்திருப்பாங்கக்கா.”

புது வாசகம்

பிளேட்டை வாங்க வந்த சவரிமுத்து அண்ணனிடம் மேரி சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் சொன்னேன். அப்படியும் வாங்கிக்கொண்டு போய்க் கல்லறையில் பதித்துவிட்டார். கொஞ்ச நாள் கழித்து, அதையே துண்டு துண்டாகக் கோணியில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். அவரே சுத்தியலால் உடைத்திருக்கிறார். எப்போது போய்ப் பார்த்தாலும் அம்மா ஒரு பக்கமாகச் சாய்கிற மாதிரியே தெரிகிறது என்றார். ஆள் பாதியாகிப் போயிருந்தார்.

புது வாசகம் எழுதி வைத்திருந்தார். ‘பாவியாகிய நான் பெற்ற தாயைக் கைவிட்டேன். உடன்பிறந்தவளை வெளியே நிறுத்தினேன். இதை வாசிப்போர் எனக்காக ஜெபியுங்கள். சவரிமுத்து.’ இப்படியும் ஒரு மனுஷன் திருந்துவானா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எழுத்து சரிபார்க்க அவர் மேரியையே வரவழைத்திருந்தார். அவள் இரண்டு தடவை படித்தாள். “இதுவும் ஒன்னப் பத்திதாண்ணே இருக்குது. அம்மா எங்க?”

கல்லறைத் திருநாள்

அந்தத் தாளை அவர் அங்கேயே கிழித்துவிட்டார். வேறு பிளேட்டும் செய்யச் சொல்லவில்லை. கோயிலில் வாசகம் வாசிக்கவும் அதன்பிறகு அவர் மேடை ஏறவில்லை.

திருநாளன்று தோட்டம் முழுக்கப் பூவும் மெழுகுவர்த்தியுமாக இருந்தது. அவர் கேட்டுக்குப் போய் மேரியையும் அவள் புருஷனையும் உள்ளே அழைத்து வந்தார். பங்காளிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பாதையில் போனார்கள். மேரி அவர் பக்கம் திரும்பாமல் நேரே போய் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். மன்னித்துவிட்டாளா என்றால், அந்த முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. பிளேட்டு இருந்த இடத்தில் வெறும் சிமெண்டுதான் இருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் பிளேட்டு எங்கே என்று கேட்டார்கள். “தங்கச்சி பேர வுட்டுட்டு வச்சிருந்தேங்க. ஒடச்சிட்டேன்” என்று ஒவ்வொருவரிடமும் தலை குனிந்து சொன்னார். சிலர் சிரித்துவிட்டுப் போனார்கள். பங்குச் சாமியார் வந்து கேட்டபோதும் அதையேதான் சொன்னார்.

எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய், மேரி பெயரோடு நானே ஒன்று போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் வேண்டாமென்று கையை ஆட்டினார். “எழுதி வச்சிட்டா நான் பாட்டுக்கு வூட்டுக்குப் போயிடுவேம்மா. கேக்குறவங்களுக்கு வாயாலயே சொல்லிக்கிறேன்.”

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பொய் எழுதாத இடம் என்று நான் பார்த்தது, என் கடைச் சரக்கு ஒட்டாத அந்தச் சிமெண்டுத் திட்டு ஒன்றைத்தான்.